ரூ. 1,850 என்கிரேவர் பேனா: ஏழு மாதம், ஐந்து ஜுராசிக் நத்தைகள்

பெயர்ப் பலகையிலும் ஸ்பேனர் பிடியிலும் எழுத்துப் பொறிப்பதற்கு என்று ஆன்லைனில் விற்கிற மின்சார என்கிரேவர் பேனா இது. நான் வாங்கியது வேறு வேலைக்கு. குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைக்கிற ஜுராசிக் காலக் கடல் நத்தைகளைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்க ஏழு மாதமாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். புதிய இனமாக விவரிப்பதற்காக எங்கள் ஆய்வகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையின் ஐந்து மாதிரிகளும் இதன் முனைக்குக் கீழே இருந்து வந்தவை. தொல்லுயிர் எச்சங்களைச் சுத்தம் செய்ய நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பாறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேனா வேண்டுமா வேண்டாமா என்பதைப் பாறைதான் முடிவு செய்கிறது. நான் படித்துப் பழகியது அரியலூர்ப் பக்கம். அங்கே காரை என்ற ஊரின் களிமண்ணில் சிப்பியும் பெலெம்னைட்டும் (கணவாய் போன்ற, அழிந்துபோன உயிரியின் எச்சம்) மழைக்குப் பிறகு தானாகவே வெளியே கிடக்கும். பழைய டூத் பிரஷ் போதும். கட்சின் தோசா ஊலைட் என்ற பாறை அடுக்கு அப்படி இல்லை. சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, இரும்பேறிய சுண்ணாம்புப் பாறை. மீன் முட்டை போன்ற சின்னச் சின்ன உருண்டைகள் நெருக்கமாக இறுகிக் கிடக்கும். அதற்குள் நத்தை ஓடு பதிந்திருந்தால் ஊசி வழுக்கும், உளி ஓட்டையும் சேர்த்துப் பிளக்கும். அமிலமும் உதவாது, பாறையும் கால்சைட், ஓடும் கால்சைட், இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடும். ஆக, தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

காற்றழுத்தத்தில் ஓடும் பேனாதான் இதற்குச் சரியான கருவி. ஆனால் அதற்கு கம்ப்ரசர் வேண்டும், செலவு பல மடங்கு. இந்த மின்சாரப் பேனாவுக்குள் ஒரு காந்தச் சுருளும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. மாறுமின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் இரண்டு முறை இழுக்கிறது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தட்டு, அதாவது நிமிடத்துக்கு 6,000. பெட்டியில் 7,200 என்று போட்டிருந்தார்கள். அது 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் கணக்கு. இங்கே விற்கும்போது இங்கத்திய எண்ணைப் போட்டிருக்க வேண்டும்.

வேலை எப்படி? ஓட்டைச் சுற்றியுள்ள கனமான பாறையை நீக்குவதில் இது அருமை. டங்ஸ்டன் கார்பைடு முனையை ஓட்டின் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்து, டயலை 2-ல் வைத்து, மெதுவாகப் போனால் பாறை பொடிப்பொடியாக உதிரும். நல்ல இடங்களில் பாறைக்கும் ஓட்டுக்கும் நடுவே தானாகவே விரிசல் ஓடி, ஒரு தகடு கழன்று விழும். அடியில் முதல் முறையாக ஓட்டின் மேற்பரப்பு தெரியும். அந்தக் கணத்துக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறேன். 47 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு நத்தையின் வாய்ப்பகுதியும் அடியிலுள்ள தொப்புள் குழியும் வெளியே வர ஒன்பது நாள் ஆனது. உளியோடு இருந்திருந்தால் அது மூன்று துண்டாகியிருக்கும்.

ஆனால் கடைசி அரை மில்லிமீட்டரை இந்தப் பேனாவிடம் கொடுக்கவே கூடாது. எங்கள் நத்தைகள் ப்ளூரோடொமேரியா குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் உதட்டில் ஒரு பிளவு இருக்கும். செவுள் வழியாக வந்த நீரும் கழிவும் அதன் வழியே வெளியேறும். ஓடு வளர வளரப் பிளவின் பின்பக்கம் அடைபட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பட்டையாக நிற்கும். அந்தப் பட்டை சுற்றின் எந்த உயரத்தில் ஓடுகிறது, எவ்வளவு அகலம், புடைத்திருக்கிறதா பள்ளமா, அதன் மேல் பிறைபோன்ற வளர்ச்சிக் கோடுகள் எவ்வளவு நெருக்கம் என்பதை வைத்துத்தான் இது ஏற்கெனவே பெயரிட்ட இனமா, புதியதா என்று வாதிட முடியும். 1856-ல் உயிருள்ள ஒன்று விவரிக்கப்படும்வரை இந்தக் குடும்பமே அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். அவ்வளவு பழைய பரம்பரையின் அடையாளம் அந்த ஒரு மெல்லிய பட்டையில் இருக்கிறது.

இரண்டாவது மாதிரியில் நான் தவறு செய்தேன். பட்டைக்கு மேலே ஒட்டியிருந்த பாறைத் துணுக்கை ஊசியால் எடுக்கப் பொறுமையில்லாமல் பேனாவை ஓட்டினேன். முனை வழுக்கி ஓட்டின் மேல் இணையாக நாலு கோடு விழுந்தது. பார்த்தால் ஓட்டின் இயற்கையான சுருள்வரி போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. 2000-லிருந்து நடைமுறையில் உள்ள விலங்கியல் பெயரிடல் விதிப்படி, புதிய இனத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரி எது என்று கட்டுரையிலேயே குறிப்பிட வேண்டும். அது ஒரே மாதிரியாக இருந்தால் அதற்கு ஹோலோடைப் என்று பெயர். இனி யார் ஒப்பிட்டாலும் அதைத்தான் வந்து பார்ப்பார்கள். நம் கருவியின் கீறலை ஐம்பது வருடம் கழித்து ஒருவர் அந்த இனத்தின் அலங்காரம் என்று அளந்துவிடக்கூடும். அதற்கப்புறம் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைக்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை. கடைசி அடுக்குக்குத் தையல் ஊசியை ஒரு பிடியில் செருகி வைத்திருக்கிறேன். விரிசல் தெரிந்தால் உடனே நிறுத்தி, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பசையைத் தொட்டு வைத்து, காய்ந்த பிறகுதான் அடுத்த தட்டு.

பேனாவின் குறைகள்: இருபது நிமிடத்தில் உடல் சூடாகிவிடும், விரல் மரத்துப்போகும், ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும். முனையைப் பிடிக்கும் திருகு அதிர்வில் தளர்கிறது. மணிக்கு ஒருமுறை இறுக்குங்கள். வயர் குட்டை. உடன் வந்த ஒரே முனை ஆறு வாரத்தில் மழுங்கியது. இன்னொன்று, பெட்டியில் தூசி பற்றி ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இதைப் பாறைமேல் வைக்காதீர்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். காரைக் களிமண் படிவங்களுக்கு வாங்க வேண்டாம், காசு வீண். கெட்டியான சுண்ணாம்புப் பாறையில் வேலை செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் முதல் ஒரு மாதம் வெறும் கல்லில் பழகுங்கள்.

போன வாரம் படமெடுக்க ஐந்து ஓடுகளுக்கும் நவச்சாரப் புகை காட்டினோம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் போடுவார்களே, அதே நவச்சாரம். நிறமெல்லாம் மறைந்து, ஓடு முழுவதும் மெல்லிய வெள்ளையாகி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பிறைக்கோடுகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி எழுந்து நின்றன. இரண்டாவது மாதிரியில் அந்த நாலு கீறலும் நின்றன. நாலாவதைத்தான் ஹோலோடைப்பாக எடுத்துவைத்தோம்.