ஏஜென்சி மேசையில் முக்கால் மணி நேரம்: ஒரு போர்ட்ஃபோலியோ மதிப்பாய்வுச் சேவை

சென்னையில் பிராண்டிங், பேக்கேஜிங் பணிகளைச் செய்துவரும் நடுத்தர அளவிலான ஏஜென்சி ஒன்று, இறுதியாண்டு வடிவமைப்பு மாணவர்களின் போர்ட்ஃபோலியோவை, அதாவது அவர்கள் செய்த பணிகளின் தொகுப்பை, பார்த்துக் கருத்துச் சொல்வதைக் கட்டணச் சேவையாக நடத்துகிறது. முக்கால் மணி நேரத்துக்கு 1,500 ரூபாய். கிரியேட்டிவ் டைரக்டர் ஒருவரும் சீனியர் டிசைனர் ஒருவரும் எதிரே அமர்ந்து பார்க்கிறார்கள். சில நாட்களில் ஒரு பக்கக் குறிப்பு மின்னஞ்சலில் வருகிறது. குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

அமர்ந்தவுடன் அவர்கள் என்னைப் பேச விடவில்லை. பிடிஎஃப் கோப்பைத் தாங்களே திறந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விறுவிறுவென்று தள்ளிப் பார்த்துவிட்டு, "இதில் நினைவில் நிற்பது எது என்று நாங்கள் சொல்கிறோம், பிறகு நீங்கள் பேசுங்கள்" என்றார்கள். ஆசிரியர்களும் வல்லுநர்களும் படைப்பை மதிப்பிடும் கல்லூரி ஜூரியில் மாணவர் விளக்க விளக்கத்தான் படைப்பு விரிகிறது; வேலைக்கு அனுப்பும் கோப்புக்கோ அருகில் நின்று விளக்க ஆள் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரியவைப்பதற்காகவே இப்படித் தொடங்குகிறார்கள் என்று தோன்றுகிறது, அது சரியான தொடக்கமும்கூட. பக்கங்களின் வரிசையைப் பற்றிய அவர்களுடைய பரிந்துரை எளிமையானது: மிக வலுவான பணி முதலில், அதற்கடுத்த வலுவுடையது கடைசியில், நடுவில் தயங்கித் தயங்கி வைத்தவற்றை நீக்கிவிட வேண்டும். குழுப் பணி ஒவ்வொன்றிலும் எந்தப் பகுதி என்னுடையது என்று கேட்டு, அதை அந்தப் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவைக்கச் சொன்னார்கள்.

நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது தினசரி நாள்காட்டிப் பணிதான். சிவகாசியில் அச்சாகி வீட்டுச் சுவர்களில் தொங்கும், நாளுக்கொரு தாள் கிழிக்கும் காலண்டரைப் புதிதாக வடிவமைக்கும் மாணவப் பணி அது. தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை என்று உள்ளங்கை அகலத் தாளில் இத்தனை செய்திகளும் இடம்பெற வேண்டும். கிரியேட்டிவ் டைரக்டர் நிறத்தையோ எழுத்துருவையோ பற்றி எதுவும் சொல்லாமல், இவற்றில் எவை நாளுக்கு நாள் மாறுகின்றன, எவை கிழமையோடு நிலைத்திருக்கின்றன என்று கேட்டார். காலண்டர்களில் அச்சாகும் ராகு காலம் திங்கட்கிழமை என்றால் எப்போதும் 7.30 முதல் 9 வரை, ஞாயிறு என்றால் மாலை 4.30 முதல் 6 வரை. பலருக்கு அது மனப்பாடம். திதியும் நட்சத்திரமும் அப்படியல்ல, அவற்றைத் தாளைப் பார்த்துத்தான் அறிய முடியும். அப்படியானால் பெரிய எழுத்து எதற்குப் போக வேண்டும் என்ற கேள்வியோடு அவர் நிறுத்திக்கொண்டார், விடையைச் சொல்லவில்லை. தாள் மெல்லியது என்பதால் அடுத்த நாளின் கனத்த கறுப்பு எண் முன்தாளின் வழியே மங்கலாகத் தெரியும் என்பதையும், திரையில் பார்க்கும் மாக்அப் (அச்சானால் எப்படி இருக்கும் என்று காட்டும் போலிப் படம்) இதை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது என்பதையும், காலண்டர் தாளிலேயே ஒரு மாதிரியை அச்சிட்டுப் புகைப்படம் எடுத்துச் சேர்ப்பது பத்து மாக்அப்களைவிட மேல் என்பதையும் சீனியர் டிசைனர் எடுத்துச் சொன்னார். செலுத்திய பணம் இந்தப் பதினைந்து இருபது நிமிடங்களிலேயே ஈடாகிவிட்டது என்பேன்.

அச்சு நுணுக்கங்களிலும் கண் கூர்மையானது. சிறிய உரை நான்கு மைகளின் கலவையாக இல்லாமல் கறுப்பு மையில் மட்டும் அமைந்திருக்கிறதா, வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. ப்ளீட் (நிறமும் படமும் நீளும் கூடுதல் பகுதி) விடப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

ஆனால் தமிழ் எழுத்தமைப்பு என்று வந்ததும் அந்தக் கூர்மை மழுங்கிவிடுகிறது. தலைப்புக்குக் காற்றோட்டம் வேண்டும், எழுத்துகளுக்கு இடையே தாராளமாக இடைவெளி விடுங்கள் என்பது அவர்கள் தந்த ஆலோசனை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது பொருந்தும். தமிழில் அளவு மீறி அப்படிச் செய்தால் காலும் கொம்பும் தம் எழுத்தைவிட்டு விலகித் தனியே நிற்கும், படிப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்த உரையில் வெள்ளை ஓட்டைகள் விழுவதைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். தீர்வாக வரி முடிவில் சிறுகோடு போடச் சொன்னதுதான் வியப்பாக இருந்தது. வேற்றுமை உருபுகளும் சாரியைகளும் ஒட்டி நீளும் சொற்களை, எழுத்தெல்லையில் கோடில்லாமலே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது தமிழ் நாளிதழ்களில் நாள்தோறும் காணும் வழக்கம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அமைக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி விழும் என்பது தமிழில் வேலை செய்யும் எந்த மாணவருக்கும் முதலில் கிடைக்க வேண்டிய எச்சரிக்கை. அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. தமிழ்நாட்டுக் கடைகளின் அலமாரிகளுக்குப் பொட்டலம் வடிவமைக்கும் நிறுவனத்திடம் இதைக் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயம்தான்.

பின்னர் வந்த எழுத்துக் குறிப்பு சுருக்கமானது, பொதுப்படையான பாராட்டு ஒரு வரிகூட இல்லாதது. நேரில் சொன்னவற்றுக்கு மேல் புதிதாக எதையும் அது சேர்க்கவில்லை. இந்த அமர்வு வேலைவாய்ப்புக்கான பின்வாசல் அல்ல என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவது நேர்மையான நடைமுறை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். பேக்கேஜிங், பிராண்டிங் பணிகளை நான்கைந்தாவது முடித்து வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும். முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. தமிழ்ப் பணிகள் மிகுந்த கோப்பு உடையவர்கள், தமிழ் எழுத்தமைப்பில் பழகிய டிசைனர் ஒருவர் உடன் அமர்வாரா என்று நேரம் பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு பணம் செலுத்துவது நல்லது.