இலவச இதயப் பரிசோதனை என்று போய் 18,500 ரூபாய் போனது: குமரி மாவட்டக்காரர்கள் கவனிக்கவும்

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தக்கலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்ட மூலிகைப் பொடி வியாபாரிகள் என் அப்பாவிடம் 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பணத்தோடு போயிருந்தால்கூட இவ்வளவு எரியாது. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்த மனுஷன் ராத்திரி போடும் அடார்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரில் கலர் கலராகப் படம் காட்டி, "குழாயில் கொழுப்பு 68 சதவீதம்" என்றார்களாம். ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. ரத்தம் எடுக்காமல் கொலஸ்ட்ரால் அளவைச் சொல்ல எந்தக் கம்பியாலும் முடியாது.

அதற்கெல்லாம் அப்பா மசியவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டு, பிரஷர் பார்த்து, அப்பா கொண்டுபோன லேப் ரிப்போர்ட்டில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் அளவைப் பொறுமையாக வாசித்தாள். "எல்டிஎல் 66 தானே? நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்குப்பா மாத்திரை? ஈரலைக் கெடுத்துடும்." அப்பாவுக்கு ரொம்ப நாளாக உள்ளே இருந்த பயமே அதுதான். அந்த இடத்தில் நம்பிவிட்டார். மாத்திரைக்குப் பதிலாக ஒரு கோர்ஸ் பொடி என்று ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தது 18,500.

அந்த 66 வந்ததே மாத்திரையால்தான். உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் சாப்பிடுவதிலிருந்து வருவதில்லை, உடம்பே தயாரிப்பது. ஈரலுக்கு அதில் பெரிய பங்கு. மாத்திரை ஈரலின் தயாரிப்பைக் குறைக்கிறது. ஈரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது, அளவு இறங்குகிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறும். ஏறுவது வெளியே தெரியாது, வலி கிடையாது, மயக்கம் கிடையாது. அப்பா ஒல்லி, ரப்பர் தோட்டத்தில் ஓடியாடி வேலை பார்த்தவர். "எனக்கு ஒண்ணும் வராது மக்களே" என்பார். ஒல்லியானவர்களுக்கும் வரும். இந்த மாத்திரையால் ஈரல் பெரிதாகப் பாதிக்கப்படுவது அபூர்வம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கொடுமை, மீன் கறியை விடச் சொல்லிவிட்டு, "கொலஸ்ட்ராலே இல்லாதது" என்று தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் அதே பில்லில் சேர்த்துத் தினமும் குடிக்கச் சொன்னது. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் இருக்காது, அதில் என்ன பெருமை? தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதுதான் எல்டிஎல்லை ஏற்றும். நம் ஊரில் தேங்காய் இல்லாமல் சமையல் இல்லை, சரி. அதை மருந்து என்று குடிக்கச் சொல்வது அநியாயம்.

பொடி கோர்ஸ் முடிந்து ரத்தம் பார்த்தால் எல்டிஎல் 154. முகாம்காரர்களுக்குப் போன் போட்டேன். "உடம்பு கழிவை வெளியேத்துது சார், முதல்ல ஏறும், அப்புறம் இறங்கும்" என்றார்கள். மறுபடி போட்டால், "அடுத்த கோர்ஸ் எடுத்தாத்தான் பலன்." பணத்தைக் கேட்டதும், "ஹெட் ஆபீஸ்ல பேசுங்க." அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை. பில்லைப் பார்த்தால் மருந்து என்று ஒரு வார்த்தை இல்லை, "சத்து மாவு" என்று இருக்கிறது. மாவுக்கு 18,500 ரூபாய்! டப்பாவில் இருக்கும் 14 இலக்க நம்பர் உணவுப் பொருளுக்கான உரிமம், நோய் தீரும் என்பதற்கான சான்று இல்லை.

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கம்பி பிடிக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ரிப்போர்ட் நன்றாக வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கண்டிப்பாக. செலவுதான் பிரச்சினை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மக்கள் மருந்தகத்திலும் இந்த மாத்திரை குறைந்த விலைக்குக் கிடைக்கும். இதய நோய் தீரும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது, நோட்டீஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். பில் இருப்பவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். நானும் பதிந்திருக்கிறேன்.