பரந்தன் பக்கத்து நெல் ஆலை: பலகையில் இருப்பதும் மூடையில் வருவதும்

ஏ-9 வீதியை அண்டி, பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் உள்ள ஒரு நெல் குற்றும் ஆலையில் கூலிக்கு அரைப்பித்து வருகிறேன். வாசலில் உள்ள பலகை மணிக்கு 2 தொன் என்கிறது. காலபோக அறுவடை முடிந்து, இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களின் நெல் ஒரே நேரத்தில் வந்து குவியும் நாட்களில் அந்த எண்ணை நம்பி லொறி பிடிப்பவர்கள் பின்னேரம் வரை காத்திருக்க நேர்கிறது. ஆனாலும் இந்த வட்டாரத்தில் நான் முதலில் போகும் ஆலை இதுதான்.

பலகை சொல்லும் அளவு, எதுவும் நிற்காமல், நல்ல நெல்லை, முழு வேகத்தில் அரைத்தால் கிடைப்பது. ஜப்பானியரான செய்ச்சி நகாஜிமா பரப்பிய கணக்கின்படி, ஓடிய நேரத்தின் பங்கு, ஓடிய வேகத்தின் பங்கு, பழுதில்லாமல் வெளிவந்த பொருளின் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால்தான் ஓர் ஆலையின் உண்மையான திறன் தெரியும். என் மதிப்பீட்டில் இங்கே அவை முறையே 95, 80, 90 சதவீதம்; பெருக்கினால் 68 சதவீதம் வரும். அதாவது மணிக்கு 2 தொன் என்பது ஏறத்தாழ 1.4 தொன் ஆகிறது. தனித்தனியே பார்க்கும்போது மூன்று எண்களும் மோசமானவை அல்ல என்பதுதான் இதில் ஏமாற்று.

வேகம் எங்கே போகிறது என்பதை உமி நீக்கும் இயந்திரத்தின் அருகில் நின்றால் காணலாம். அதில் இரண்டு றப்பர் உருளைகள் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. அந்த வேக வித்தியாசமே உமியைக் கழற்றுகிறது, வேகமான உருளை முந்தித் தேய்கிறது. கழலாத நெல் பிரிப்பான் தட்டில் ஒதுங்கி, மீண்டும் அதே இயந்திரத்துக்குத் திரும்புகிறது. ஒரு தடவையில் 90 சதவீதம் கழன்றால், 100 கிலோ புது நெல்லுக்காக இயந்திரம் 111 கிலோவைக் கையாள வேண்டும். அது 60 சதவீதமாக இறங்கினால் 167 கிலோ. மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சத்தமும் குறையாது, மூடை மட்டும் நிறையாது. இந்த ஆலையின் இயக்குநர் அடிக்கடி ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, உமியோடு கிடப்பவற்றை விரலால் ஒதுக்கிப் பார்த்த பிறகே உருளைகளின் இடைவெளியைத் தொடுகிறார். பார்க்காமலே இறுக்கிவிடும் ஆலைகளில் குறுணல் கூடுதலாக விழும்.

நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை, இங்கே இயந்திரங்கள் பழையவை, நிற்கத்தான் செய்கின்றன. ஆனால் எத்தனை தடவை நிற்கிறது என்பதோடு, நின்றது எழும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 100 மணி நேரம் ஓடி, நின்றால் 10 மணி நேரம் படுத்துவிடும் ஆலை 91 சதவீத நேரமே கிடைக்கும். 20 மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று அரை மணியில் எழும்பும் ஆலை 97.6 சதவீதம் கிடைக்கும். பெல்ட், பெயாரிங், ஒரு சோடி உருளை ஆகியவற்றைச் சுவரோரம் தயாராக வைத்திருப்பதால் இந்த ஆலை இரண்டாவது வகையைச் சேர்கிறது. ஒரு பெயாரிங்குக்காக வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஆள் அனுப்பிக் காத்திருக்கும் ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

இயந்திரங்கள் ஒரே வரிசையில் தொடர்ந்திருந்தால் ஒன்றின் பழுது எல்லாவற்றையும் நிறுத்தும்: தலா 97 சதவீதம் கிடைக்கும் 5 இயந்திரங்கள் இடையில் தேக்கமின்றித் தொடர்ந்தால் மொத்தம் 86 சதவீதமே தேறும். இங்கே உமி நீக்கிக்கும் தீட்டும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு தகரத் தொட்டி உண்டு. தீட்டும் பக்கத்தில் பெல்ட் மாற்றும் சில நிமிடங்களுக்கு முன்பக்கம் தொட்டியை நிரப்பியபடி ஓடும். செலவு குறைந்த இந்த ஏற்பாட்டை ஏன் பலர் செய்வதில்லை என்பது எனக்குப் புதிர்தான்.

குறுணல் கூடுவதற்கு ஆலையை மட்டும் குறை சொல்ல முடியாது. 14 சதவீத ஈரப்பதத்தில் அரைப்பதே நல்லது. தார் வீதியில் வேகமாகக் காய்ந்து, இரவில் பனியில் நனைந்த நெல்மணி உள்ளே வெடித்துவிடும், எந்த உருளையும் அதைக் காப்பாற்றாது. அவித்த நெல்லில் மாச்சத்து இளகி வெடிப்பை ஒட்டிவிடுவதால் புழுங்கல் அரிசிக்கு இந்தத் தொல்லை குறைவு.

என் பெரிய குறை நிறம் பிரிக்கும் இயந்திரம் பற்றியது. கறுத்த மணிகளை அது காற்றை ஊதித் தள்ளுகிறது. அந்தக் காற்றைக் கொடுப்பது ஒரேயொரு கொம்பிறசர். மாரிக்காலத்தில் குழாயில் நீர் கோர்த்தால் ஊதுதுளைகள் அடைபட்டு, கறுத்த மணிகள் நல்ல அரிசியோடு இறங்குகின்றன. கூலி மட்டும் குறைவதில்லை. காற்றை உலர்த்தும் கருவி ஒன்றும் மாற்றுக் கொம்பிறசர் ஒன்றும் வைக்கும்படி முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டுத் தேவைக்கு அரைப்பிப்பவர்கள் அந்தப் பகுதியைத் தவிர்த்துக் கூலியை மிச்சப்படுத்தலாம். கடைகளுக்குக் கொடுப்பவர்கள் மூடை கட்டுவதற்கு முன் ஒரு பிடியை வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.