துபாய் பொதுமன்னிப்பில் மாமா ஊர் திரும்பிய அனுபவம்: ஐந்துக்கு நான்கு ஸ்டார்

குடியாத்தத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் மாமா 2022இல் துபாய் போனார். விசிட் விசாவில் போ, அங்கே வேலை விசாவாக மாற்றித் தருகிறேன் என்ற ஏஜென்ட், பணம் கைக்கு வந்ததும் போனையே எடுக்கவில்லை. வேலை கொடுத்த இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசா முடிந்தது, மாமா அப்படியே தங்கிவிட்டார். விசா முடிந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம். இரண்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 36,500 திர்ஹாம், நம்ம காசில் எட்டு லட்சத்துக்கு மேல். தறிக்கூலியில் அதை எந்தக் காலத்தில் கட்டுவது?

அந்த நிலைமையில்தான் 2024 செப்டம்பர் 1 முதல் அமீரகத்தில் பொதுமன்னிப்பு வந்தது. அபராதம் கிடையாது, திரும்ப வரக்கூடாது என்ற தடையும் கிடையாது. மாமா நம்பவே இல்லை. கைரேகை வைக்கப் போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று ரூமில் இருந்தவர்கள் பயமுறுத்த, ஒரு மாதம் வீணாகப் போனது. அத்தை தினமும் போனில் அழுதுதான் அனுப்பி வைத்தார்.

போன பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பாஸ்போர்ட் கையில் இல்லாததால் முதலில் இந்தியத் துணைத் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிஃபிகேட், நம்ம ஆட்கள் அவுட்பாஸ் என்பார்களே அதுதான், ஊருக்கு வர மட்டும் செல்லும். அப்புறம் அல் அவீரில் போட்டிருந்த கூடாரத்தில் கைரேகை, வெளியேறும் அனுமதி. யாரும் அதட்டவில்லை, உட்கார நாற்காலி போட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். இரண்டு வருஷம் போலீஸ் வண்டியைப் பார்த்தாலே சந்துக்குள் ஒதுங்கிய மனுஷனுக்கு அது பெரிய விஷயம்.

ஒரு ஸ்டார் குறைத்தது டிக்கெட்டுக்காக. அதை நாமே எடுக்க வேண்டும், அத்தை கம்மலை அடகு வைத்தார். கையில் காசில்லாமல் தவிப்பவர்களுக்கு உதவத் தூதரகங்களில் 2009 முதலே இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இதைப் பேர்ணாம்பட்டு, ஆம்பூர் என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டாமா? அப்புறம், வந்து இறங்கியதோடு எல்லா உதவியும் முடிந்துபோகிறது. காட்பாடி ஸ்டேஷனில் மாமா இறங்கியபோது கையில் ஒரு துணிப்பையும் பேரீச்சம்பழப் பாக்கெட்டும்தான். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி இன்னும் ஓடுகிறது.

அந்தப் பொதுமன்னிப்பு 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாராவது இப்போது மாட்டியிருந்தால் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுங்கள், இந்தியத் தூதரகத்துக்கும் எழுதுங்கள். வெளிநாடு போகிறவர்களின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். அத்தை ரேஷன் கார்டு கவருக்குள் மடித்து வைத்திருந்த ஒரே ஒரு ஜெராக்ஸ், மடிப்பில் இரண்டு எழுத்து அழிந்தே போயிருந்தது, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் மாமா அவுட்பாஸ் வாங்கினார்.