சிரோதாரா என்று பழைய எண்ணெயை ஊற்றிவிட்டார்கள், குமுளி போகிறவர்கள் கவனம்

அம்மாவுக்கு ஒரு வருடமாகத் தூக்கம் சரியில்லை. ஆடி பிறந்தால் கேரளாவில் கர்க்கடக (அவர்களுடைய ஆடி மாத) ஆயுர்வேத சிகிச்சைக்குக் கூட்டம் சேருமே, அந்த நேரத்தில் போகலாம் என்று தேனியிலிருந்து குமுளிக்கு அழைத்துப் போனேன். கடைத்தெருவில் பெரிய போர்டு வைத்த ஓர் இடம். ஏழு நாள் சிரோதாரா (படுக்க வைத்து நெற்றியில் மருந்தெண்ணெயைச் சீராக விடும் சிகிச்சை), தினமும் முக்கால் மணி நேரம், க்ஷீரபலா தைலம் என்று சொல்லி 14,000 ரூபாயை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

வைத்தியர் யாரும் பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட பையன் பிரஷர் மட்டும் பார்த்தான். அம்மாவுக்கு அன்று சளி இருந்தது, நானே சொன்னேன், "பரவாயில்லை" என்றான். சளி, காய்ச்சல் இருக்கும்போது தலையில் தாரா விடவே கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது, அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

உள்ளே கூட நின்று பார்த்தேன். கண்ணில் எண்ணெய் இறங்காமல் புருவத்துக்கு மேல் துணி கட்ட வேண்டும், கட்டவில்லை. எண்ணெய் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. எண்ணெய் இறங்கி வரத் திரி வைக்காத சட்டியிலிருந்து ஒரே சீராக விழாமல் விட்டுவிட்டுக் கொட்டியது. அதைவிட அந்தச் சிக்கு வாடை! குறுந்தோட்டி வேரும் பாலும் நல்லெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய தைலம் அப்படியா நாறும்? கீழே வடிந்ததைத் திரும்ப ஊற்றுவது முறைதான், ஆனால் அது அதே ஆளுக்கு மட்டும், அதுவும் மூன்று நாளைக்கு மேல் போகாது. இவர்கள் பக்கத்து அறையில் முடிந்த பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். இருபது நிமிடத்தில் எழுப்பிவிட்டார்கள், உச்சியில் ராஸ்னாதி சூர்ணம் என்ற மூலிகைப் பொடியைத் தேய்க்கவும் இல்லை.

அன்றிரவே அம்மாவுக்குத் தலை கனத்து, காய்ச்சல் வந்து, மூன்று நாள் படுக்கை. கண்ணெரிச்சல் வேறு. மீதி ஆறு நாள் பணத்தைக் கேட்டால், பேக்கேஜ் போட்டால் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். பில்லில் எண்ணெய் பேரும் இல்லை, வைத்தியர் பதிவு எண்ணும் இல்லை.

போகிறவர்கள் காசு கொடுக்கும் முன்னால் வைத்தியரை நேரில் பாருங்கள், உங்கள் கண் முன்னால் புது எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்கச் சொல்லுங்கள், அன்றன்றைக்கு மட்டும் பணம் கட்டுங்கள். கேரள சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களுக்கு கிரீன் லீஃப், ஆலிவ் லீஃப் என்று தரச்சான்று கொடுத்து வந்திருக்கிறது, அந்த மாதிரி சான்று ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.