நானோ கலந்த ஃபிலிம்: மாஸ்டர்பேட்சா, ரசாயனமா, லேசரா?

பாலிமர் ஃபிலிமுக்குள் துத்தநாக ஆக்ஸைடு நானோ துகள்களைப் பதித்தால் அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும், கிருமிகளையும் அடக்கும். எப்படிப் பதிப்பது என்பதில்தான் போட்டி. கொங்குப் பக்கத்து ஃபிலிம் யூனிட்களை மனதில் வைத்து மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

மாஸ்டர்பேட்ச் எல்லோருக்கும் பழகியது. நானோ பொடியை அடர்த்தியாகக் கலந்த குருணையை வாங்கி, பாலித்தீன் குருணையோடு ஹாப்பரில் கொட்டினால் போதும். மெஷினை மாற்ற வேண்டாம். சிக்கல் பொடியில் இருக்கிறது. களி கிண்டும்போது மாவு கட்டிதட்டுவது போல, உலர்ந்த நானோ பொடி திரண்டுகொள்ளும். ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கட்டிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். இழுத்தால் கிழிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

ரசாயன வழியில் ஜிங்க் அசிடேட்டையும் காஸ்டிக் சோடாவையும் வைத்துக் கரைசலிலேயே துகளை வளர்க்கிறார்கள். செலவு குறைவு. ஆனால் மிஞ்சும் உப்பைக் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரையும் சுத்திகரிக்க வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டையும், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பார்த்த நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லேசர் வழியைப் பார்க்கவே அழகாக இருக்கும். பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமர்) கரைசலுக்கு அடியில் ஒரு துத்தநாகத் தகடு. மேலிருந்து என்டி-யாக் என்ற படிக லேசர், ஒவ்வொரு துடிப்பும் சில நானோ நொடிதான். துடிப்பு விழுந்த இடத்தில் உலோகம் பிளாஸ்மாவாகச் சிதறி, ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஆக்ஸைடாகிறது. டப் டப்பென்று சத்தம் கேட்கும், தகட்டிலிருந்து புகை மாதிரி கலங்கல் எழும். பிறந்த துகளைப் பாலிமர் சங்கிலிகள் உடனே சுற்றிக்கொள்வதால் கட்டிதட்டுவது குறைவு. கழுவவும் வேண்டாம், பொடி பறந்து மூச்சில் போகும் பயமும் இல்லை. கரைசலைத் தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தால் ஃபிலிம். தரத்தில் எனக்கு இதுதான் முதலிடம்.

அடிபடுவது அளவில்தான். ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் 500 வாட் லேசர் வைத்தே மணிக்குச் சுமார் 4 கிராம் பிளாட்டினம் துகள்தான் எடுத்தார்கள். ஃபிலிமில் 1 சதவீதம் கலக்கவே கிலோவுக்கு 10 கிராம் வேண்டும். கிலோ கிலோவாக ஓடும் மெஷினுக்கு இது எந்த மூலைக்கு? தவிர, பிவிஏ தண்ணீரில் கரையும், பாலித்தீன் கரையாது; அதனால் பாலித்தீன் ஃபிலிமை இப்படிக் கரைசலில் ஊற்றி எடுக்க முடியாது.

அப்புறம், ஈரோட்டு மஞ்சள் பொடிப் பைக்காக இதை யோசிப்பவர்கள் கவனிக்க: எந்த வழியில் பதித்தாலும் துத்தநாக ஆக்ஸைடு சுமார் 370 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத்தான் நன்றாக விழுங்கும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அதிகம் உறிஞ்சுவதோ 425-ஐ ஒட்டிய ஒளியை. நிறம் வெளுக்காமல் இருக்க ஒளிபுகாத பையே மேல்.

ஆக, பேக்கிங் ஃபிலிமுக்கு இன்றைக்கு மாஸ்டர்பேட்ச்தான். சாம்பிள் ஓட்டி, புள்ளி விழுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். லேசரைக் காயக்கட்டு போன்ற மருத்துவத் துணிப் பக்கம் கொண்டுபோக வேண்டும். கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் அந்தத் துறைக்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது. கிருமி தொடுவது மேற்பரப்பைத்தான். சில மைக்ரான் பூச்சு போதும் என்றால், மணிக்கு 4 கிராம் என்பதே நிறைய.