ஹலசூரில் மூன்று வாரம்: அண்ணனும் சிகரெட்டும்

மெல்போர்னிலிருந்து இந்த முறை பெங்களூரு போனதே அண்ணனுக்காகத்தான். முப்பது வருட சிகரெட் பழக்கத்தை அவர் விட உதவ வேண்டும் என்று. காலையில் காபி டம்ளரோடு மொட்டைமாடி ஏறினால் இறங்குவதற்குள் இரண்டு சிகரெட் முடிந்துவிடும்.

முதல் நாளே பக்கத்து மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் (சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் சூயிங் கம்) வாங்கினோம். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் கேட்டதற்கு, "ரெண்டும் சேர்த்துப் போடக்கூடாதும்மா, நிகோடின் ஏறிடும்" என்றார் கடைக்காரர். எப்படி மெல்வது என்றும் சொல்லவில்லை. அண்ணன் மிட்டாய் மாதிரி மென்று விழுங்க, விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மறுநாள் மறுபடி பெட்டிக்கடை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் சிகரெட் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும், புகையை விட உதவும் 1800-11-2356 எண் கண்ணில் பட்டது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசினார்கள். கண் விழித்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றதும், டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

டாக்டர் சொன்னது கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர். பேட்ச் நாள் முழுக்க மெதுவாக நிகோடினைக் கொடுத்துக்கொண்டிருக்கும்; ஆனால் திடீரென்று எழும் தவிப்பை அதனால் அடக்க முடியாது. அந்த நேரத்துக்குத்தான் கம். இரண்டையும் சேர்த்தால், ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட விடுபடும் வாய்ப்பு சுமார் கால் பங்கு கூடுகிறது என்கிறது, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. மாத்திரைகளும் உண்டு. சின்ன வயதில் அண்ணனுக்கு வலிப்பு வந்திருந்ததால் அவற்றில் ஒன்றான புப்ரோபியான் வேண்டாம் என்றார் டாக்டர்.

21 மில்லிகிராம் பேட்ச், கூடவே 4 மில்லிகிராம் கம். தினமும் காலையில் தோள்பட்டையைத் துடைத்து, முந்தின நாள் ஒட்டாத இடமாகப் பார்த்து ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துவேன். கம்மை நாலைந்து முறை கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி கடிக்கலாம். காபி குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போடலாம், இல்லாவிட்டால் நிகோடின் சரியாக இறங்காது. அந்தக் கால் மணிதான் அண்ணனுக்குப் பெரிய சோதனை. மாடிக்குப் போகாமல் சமையலறையில் என்னோடு வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றார்.

நான் கிளம்பும்போது 17 நாள் ஆகியிருந்தது. ஆறு வாரம் முடிந்ததும் 14, பிறகு 7 என்று பேட்ச் அளவைக் குறைக்க வேண்டும். பக்கத்துக் கடைகளில் பேட்ச் கிடைக்கவில்லை என்பதால், அந்த இரண்டு அளவையும் முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.